சாம்பலும் சவர்க்காரமும்

பாத்திரம் கழுவுவதும் ஒரு சரித்திர விஷயமா என்று சில நண்பர்கள் நகைக்கக்கூடும். அரசர்கள் முடிசூடிய வருஷங்களையும், கவர்னர்கள் கப்பலேறிய தேதிகளையும் நெட்டுருப் போடுவதே சரித்திரம் என்று பள்ளிக்கூடங்களில் நமக்குப் போதிக்கப்பட்டிருக்கிறது. என்னைப்போல் ஆங்கிலப் பள்ளியில் படித்துவிட்டுத் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதுகிறவர்களுக்கு, ராபிள்ஸ் துரை 1819-ஆம் வருஷம் ஜனவரி மாதம் சிங்கப்பூரில் வந்து இறங்கியதைச் சொல்லிக்கொடுத்தார்கள். நாம் உண்ட தட்டை எது சுத்தமாக்குகிறது, எவ்வாறு சுத்தமாக்குகிறது என்பதை ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆயினும் ஒரு சமூகத்தில் அழுக்காக்குகிறவர் யார், கழுவுகிறவர் யார், கழுவுகிறவருக்குக் கிடைக்கும் மரியாதை என்ன என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கண்டால், அச்சமூகத்தின் யோக்கியதை நன்கு விளங்கிவிடும்.

நம் பாட்டிமார் அடுப்புச் சாம்பலையும் தேங்காய் நாரையும் கொண்டு பாத்திரம் துலக்கினார்கள். பித்தளைக்கும் செம்புக்கும் புளி வைத்திருந்தார்கள். இது வெறும் பழக்கமன்று. இதனுள் இரசாயனம் அடங்கியிருக்கிறது. விறகுச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் என்னும் காரம் உண்டு. தேங்காய் மட்டையின் சாம்பலில் பொட்டாஷ் மிகுதி. அந்தக் காரம் பாத்திரத்தில் ஒட்டிய கொழுப்பில் ஒரு பகுதியை அப்பொழுதே சவர்க்காரமாக மாற்றுகிறது. எஞ்சியதைச் சாம்பலின் துகள் உறிஞ்சி எடுக்கிறது. புளியின் அமிலமோ பித்தளையின் களிம்பைக் கரைக்கிறது. சவர்க்காரம் என்ற சொல்லிலேயே காரம் என்பது ஒட்டிக்கொண்டிருப்பதைக் கவனியுங்கள். நம் பெண்மக்கள் தினந்தோறும் சமையற்கட்டில் இரசாயன வேலை செய்துவந்தார்கள். ஆனால் பண்டிதர்கள் சாம்பலுக்குப் புனிதம் கற்பித்தார்களேயன்றி, அதிலுள்ள காரம் என்னவென்று விசாரித்தார்களில்லை.

வண்ணாரின் கதை இதனினும் வருந்தத்தக்கது. உவர்மண்ணைத் தேடி எடுத்து, நீரிற் கரைத்து, துணியை அதில் ஊறவைத்து, வெள்ளாவியில் ஏற்றிக் காரநீராவியால் அழுக்கைப் பிரிக்கும் கலை அவருடையது. உவர்மண்ணிலுள்ளது சோடா என்பதை ஐரோப்பிய இரசாயனிகள் பிற்காலத்தில் பெயரிட்டு அழைத்தார்கள். வண்ணாரோ நாவில் வைத்தே அதன் தரத்தை அறிந்தார். ஊராரின் அழுக்கையெல்லாம் போக்கிய அம்மனிதரையே தீண்டத்தகாதவர் என்றும், தாழ்ந்தவர் என்றும் ஒதுக்கி வைத்தது நம் சாதிமுறை. துணி அவர் கையிலிருந்து வந்தால் சுத்தம். அவர் கை பட்டால் மட்டும் தீட்டாம்! இந்த விபரீதத்திற்குப் பகுத்தறிவில் இடமேது?

கடல் கடந்தும் அந்தத் தொழில் வந்தது. சிங்கப்பூரில் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், பிராஸ் பாசா ஓடையின் கரையில் இந்தியச் சலவைத் தொழிலாளர் துணி துவைத்துப் பக்கத்துத் திடலில் உலர்த்தினார்கள். அதனால் அவ்விடத்திற்குத் தோபி காட் என்று பெயர் உண்டாயிற்று. ஓடை ஸ்டாம்போர்டு கால்வாயாக மாறியது, துறையும் மறைந்தது. 1987-ஆம் வருஷத்தில் அங்கே ரயில் நிலையம் திறக்கப்பட்டது. இன்று மூன்று ரயில் பாதைகள் அந்நிலையத்தில் கூடுகின்றன. அவசரமாக ரயில் மாறும் ஜனங்களுள் அப்பெயர் ஒரு தொழிலாளியின் பெயர் என்பதை எத்தனை பேர் நினைக்கிறார்கள்? கவர்னர்களின் பெயர் தாங்கிய தெருக்கள் பல உள்ள பட்டணத்தில், துணி துவைத்தவரின் பெயரும் நிலைத்திருப்பது ஓர் அபூர்வமே.

நிற்க, கடைச் சவர்க்காரம் எவ்வாறு வந்தது என்பதைச் சிறிது பார்ப்போம். பிரெஞ்சு தேசத்தில் நிக்கோலா லெப்லாங் என்பவர் 1791-இல் சாதாரண உப்பிலிருந்து சோடா செய்யும் முறைக்கு உரிமை பெற்றார். அதுவரை காரத்திற்காக மரத்தையும் கடற்பூண்டையும் எரிக்கவேண்டியிருந்தது. எண்ணெயும் காரமும் சேரும்பொழுது நிகழ்வது என்ன என்பதை ஷெவ்ரல் என்ற அறிஞர் ஆராய்ந்து 1823-இல் நூலாக வெளியிட்டார். எண்ணெயானது கொழுப்பமிலமாகவும் கிளிசரினாகவும் பிரிகிறது. அமிலம் காரத்துடன் கூடிச் சவர்க்காரமாகிறது. இங்கிலாந்தில் சவர்க்காரத்தின்மீது விதித்திருந்த வரி 1853-இல் நீக்கப்பட்டது. அதன் பிறகே அங்கும் ஏழைகள் அதைத் தாராளமாக வாங்க முடிந்தது. லீவர் சகோதரர்களின் சன்லைட் கட்டிகள் 1888-இல் கல்கத்தாத் துறைமுகத்தில் இறங்கின.

அந்தக் கட்டிகளுக்கு வேண்டிய எண்ணெய்க்காகவே உஷ்ணதேசங்களின் காடுகள் அழிக்கப்பட்டன. 1911-இல் லீவர் கம்பெனி காங்கோவில் செம்பனைக்காகப் பெருநிலம் பெற்றது. 1917-இல் சிலாங்கூரிலுள்ள தென்னமரம் தோட்டத்தில் ஹென்றி போகொனியே என்ற பிரெஞ்சுக்காரர் மலாயாவின் முதல் வியாபாரச் செம்பனையை நட்டார். சிங்கப்பூரிலும் தொழில் வளர்ந்தது. லிம் பெங் சியாங்கின் ஹோ ஹொங் கம்பெனி எண்ணெய் ஆலை நடத்தியது. தான் கா கீயின் கம்பெனி ரப்பர்ச் செருப்பு, பிஸ்கோத்து முதலியவற்றுடன் சவர்க்காரமும் செய்தது. சிராங்கூன் ரோட்டுப் பகுதியில் எள்ளெண்ணெய்ச் செக்குகளும் மாட்டுத் தொழுவங்களும் இருந்தன. பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு என்ற பெயர்கள் அந்த மாட்டு வியாபாரத்தை இன்றும் நினைவூட்டுகின்றன. எண்ணெயும் இங்கே, சாம்பலும் இங்கே, கைப்பழக்கமுள்ள மக்களும் இங்கே. ஆனால் சவர்க்காரம் என்றால் கடையில் காசு கொடுத்து வாங்கும் கட்டி என்ற எண்ணமே நிலைத்துவிட்டது.

அந்த எண்ணத்தை யுத்தம் உடைத்தது. 1942-ஆம் வருஷம் பிப்ரவரி 15-ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியரிடம் சரணடைந்தது. ஊருக்குச் சியோனான் என்று பெயரிட்டார்கள். கப்பல்கள் நின்றன, அரிசி பங்கீட்டில் வந்தது, மக்கள் மரவள்ளிக்கிழங்கை உண்டு உயிர் பிழைத்தார்கள். சவர்க்காரமோ கிடைத்தற்கரிய பொருளாயிற்று. சொறியும் சிரங்கும் பரவின. அப்பொழுது ஜனங்கள் செம்பனை எண்ணெயையும் தேங்காயெண்ணெயையும் சாம்பற் காரத்தையும் கொண்டு வீட்டிலேயே சவர்க்காரம் காய்ச்சலானார்கள். சாங்கியில் அடைபட்டிருந்த போர்க்கைதிகளும் செம்பனை எண்ணெயும் விறகுச் சாம்பலும் கொண்டு தங்களுக்கு வேண்டிய சவர்க்காரத்தைச் செய்துகொண்டார்கள்.

அவ்வாறு செய்த சவர்க்காரம் பெரும்பாலும் களிபோல் இளகியிருந்ததற்குக் காரணம் உண்டு. சாம்பலிலிருந்து கிடைப்பது பொட்டாஷ். பொட்டாஷ் சவர்க்காரம் இயல்பாகவே மென்மையானது. கட்டியாக வேண்டுமாயின் சோடா வேண்டும். பொட்டாஷ் சவர்க்காரக் கூழில் சமையலுப்பைக் கரைத்துக் காய்ச்சினால், உப்பிலுள்ள சோடியம் பொட்டாஷின் இடத்தைப் பிடித்து அதைக் கெட்டியாக்கும். சாம்பல் நீர் தனித்து எண்ணெயை முழுவதும் மாற்றும் வல்லமையுடையதன்று. அதனோடு வெற்றிலைக்குத் தடவுகின்ற சுண்ணாம்பைச் சேர்த்துத் தெளியவைத்தால்தான் அது கடுங்காரமாகும். சாம்பலும் சுண்ணாம்பும் உப்பும் ஒவ்வொரு தமிழர் வீட்டிலும் இருந்த பொருள்களே. இம்மூன்றையும் இணைக்கும் காரணத்தை யாரேனும் முன்னரே கற்பித்திருந்தால், கையைப் பொசுக்கும் கூழுக்குப் பதிலாக நல்ல கட்டிகள் கிடைத்திருக்குமன்றோ?

சுத்தத்தின் காரணத்தை அறிவது உயிர்ப்பிரச்சினை என்பதற்கு அதே யுத்தத்திலிருந்து மற்றொரு சான்று. 1943-ஏப்ரலில் சாங்கியிலிருந்து சுமார் 7,000 கைதிகள் சயாம் மரண ரயில்வேக்கு அனுப்பப்பட்டார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து நம் தமிழ்த் தொழிலாளர் ஆயிரமாயிரமாக அங்கே கொண்டுசெல்லப்பட்டார்கள். அவ்வருஷம் வாந்திபேதி முகாம்தோறும் பாய்ந்தது. கைதிகளுடன் அவர்களுடைய இராணுவ வைத்தியர்கள் இருந்தார்கள். உண்ணும் தகரக் கிண்ணத்தையும் கரண்டியையும் சோறு வாங்குமுன் கொதிக்கும் நீரில் முக்கவேண்டுமென்று அவர்கள் கட்டளையிட்டார்கள். அப்படியும் அந்த 7,000 பேரில் சுமார் 3,000 பேர் மாண்டார்கள். நம் மக்களுக்கோ வைத்தியருமில்லை, கட்டளையிடத் தலைவருமில்லை, குடும்பத்தைக் காக்கக் கொதிநீருமில்லை. அவர்கள் இறந்த விகிதம் கைதிகளினும் மிகுதி. அவர்களுடைய பெயர்களைக்கூட எவரும் முழுமையாக எழுதிவைக்கவில்லை. கொதிக்கும் நீரில் முக்கிய ஒரு தட்டுக்கும் முக்காத தட்டுக்கும் உள்ள வித்தியாசம், ஒரு மனிதன் ஊர் திரும்புவதற்கும் திரும்பாமைக்கும் உள்ள வித்தியாசமாயிற்று. எச்சில், தீட்டு என்று ஆயிரம் வருஷம் பேசிய நாம், கிருமியைப்பற்றி ஒரு நாளாவது பேசியிருந்தோமா?

யுத்தத்திற்குப் பின் நிலைமை மீண்டும் மாறியது. எண்ணெய்ப் பஞ்சத்தால் 1916-இல் ஜெர்மானியர் தேடத் தொடங்கிய செயற்கைச் சலவைப் பொருள்கள், 1946-க்குப் பின் உலகெங்கும் பரவின. பாத்திரம் கழுவும் யந்திரத்திற்கு ஜோசபின் காக்ரேன் என்ற அமெரிக்க மாது 1886-இலேயே உரிமை பெற்றிருந்தார். அது வீடுகளுக்கு வர வெகுகாலம் பிடித்தது. இப்பொழுது சிங்கப்பூரின் அடுக்குமாடி வீடுகளில் வீட்டிலேயே பாத்திரச் சவர்க்காரமும் யந்திரப் பொடியும் செய்யும் ஆர்வம் மறுபடியும் தோன்றியிருக்கிறது. இது வரவேற்கத்தக்கதே. ஆனால் இங்கும் காரணம் அறியாத செய்கையே அதிகம். எலுமிச்சைச் சாற்றையும் சோடாவுப்பையும் கலந்து பொங்குவதைப் பார்த்து மகிழ்கிறார்கள். அமிலமும் காரமும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டபின் அங்கே எஞ்சுவது பெரும்பாலும் உப்புநீரே. பழத்தோலைச் சர்க்கரையுடன் புளிக்கவைத்த நீர் எல்லா அழுக்கையும் போக்குமென்கிறார்கள். அது இலேசான அமிலம், கொழுப்பை அகற்றும் சவர்க்காரமன்று. யந்திரத்தில் சாதாரணச் சவர்க்காரத்தை இட்டாலோ நுரை பொங்கி வழியும். அதற்குச் சலவைச் சோடாவைப் போன்ற நுரையாத காரமே தகுந்தது.

உண்மையாகவே செய்ய விரும்புவோர் அளவறிந்து செய்க. ஒரு கிலோ தேங்காயெண்ணெய்க்குச் சுமார் 180 கிராம் காஸ்டிக் சோடா தேவை. செம்பனை எண்ணெய்க்குச் சுமார் 140 கிராம் போதும். இவ்வளவுக்குச் சற்றுக் குறைவாகவே இட்டால் கை பொசுங்காது. சோடாவை நீரில் இடவேண்டுமேயன்றி, சோடாவின்மீது நீரை ஊற்றலாகாது. ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரத்தைத் தொடவே வேண்டா. காரம் அதைத் தின்றுவிடும். கண்ணையும் கையையும் மூடிக்கொள்க, குழந்தைகளை விலக்குக. காய்ச்சிய கட்டியைச் சில வாரங்கள் ஆறவிட்டுப் பிறகு உபயோகிக்கவும்.

வாசகர்களே, இச்சரித்திரம் நமக்குக் கற்பிப்பது ஒன்றே. கை அறிந்ததை மூளை விசாரிக்கவில்லை. மூளை படித்ததைக் கை தீண்டவில்லை. நம்மிடையே வேலை செய்கிறவர் ஒரு சாதி, எண்ணுகிறவர் வேறொரு சாதி என்று பிரித்தமையால் வந்த நஷ்டம் இது. வண்ணாரிடம் இருந்த அறிவைப் பள்ளிக்கூடத்தில் வைத்திருந்தால், சமையற்கட்டில் இருந்த அறிவை அச்சிட்டிருந்தால், சோடாவைக் கப்பலில் வரவழைக்கும்வரை நாம் காத்திருந்திருக்கமாட்டோம். இன்றும் சிராங்கூன் ரோட்டு உணவுக் கடைகளின் பின்கட்டில் யாரோ ஒருவர் நாம் உண்ட தட்டைக் கழுவிக்கொண்டிருக்கிறார். வாழையிலையைச் சுருட்டி எறிந்துவிட்டுப் போகும் நாம் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. அவர் செய்வது தாழ்ந்த வேலையன்று. நம்மை நோயினின்று காக்கும் வேலை. அவருக்கு உரிய கூலியும், உரிய சொல்லும், தாம் செய்வதன் காரணத்தை அறியும் கல்வியும் கிடைக்கும் நாளே நம் சமூகம் கழுவிச் சுத்தமான நாளாகும்.