வெள்ளாங்குளத்தில் ஒரு வான்கார்ட்

யுத்த நிறுத்த உடன்படிக்கைக்கு மறு ஆண்டு, 2003இல், நண்பரொருவரின் பழைய ஸ்டான்டர்ட் வான்கார்ட் காரில் உயிலங்குளம் சோதனைச்சாவடியைக் கடந்து பூநகரி நோக்கிப் பயணித்தேன். வெள்ளாங்குளத்தை நெருங்குகையில் கருகல் மணம் எழுந்தது. டாஷ்போர்டிலிருந்த அம்மீற்றரின் முள், பற்றரி வடிந்துகொண்டிருப்பதைக் காட்டிற்று. குழி நிறைந்த அவ்வீதியில் தேவையேயில்லாத ஓவர்டிரைவ் சுவிச்சை, நண்பர் பழக்கத்தில் போட்டிருந்தார்.

ஓவர்டிரைவ் என்பது கியர்ப்பெட்டியின் பின்னால் பொருத்தப்படும் துணைக் கியர். நெடுஞ்சாலையில் எஞ்சினின் சுழற்சியைக் குறைத்து எரிபொருளைச் சேமிப்பது அதன் பணி. அதனை வடிவமைத்த கப்டன் எட்கார் டி நோமன்வில் மோட்டார் விடயங்களைப் பத்திரிகைகளில் எழுதிவந்தவர் என்பதால், எனக்கு அதன்மீது தனிப் பிரியம். இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரில் லேகொக் நிறுவனம் அதனைத் தயாரித்தது.

அதனை இயக்கும் மின்காந்தத்தில் இரு சுருள்கள் உண்டு. முதலாவது 15 ஆம்பியருக்கு மேல் மின்னை உறிஞ்சி உள்ளிருக்கும் தண்டை இழுக்கும். தண்டு கடைசிவரை சென்றதும் ஒரு தொடுப்பைத் திறந்து அச்சுருளைத் துண்டித்துவிடும். பின்னர் ஏறத்தாழ ஓர் ஆம்பியருடன் இரண்டாஞ் சுருள் மட்டும் அதனைப் பிடித்துவைத்திருக்கும். தண்டு முழுத்தூரம் செல்லாவிடில் முதற்சுருள் ஓயாது. சுருளும் கருகும், பற்றரியும் தீரும்.

சந்தியருகே ஓலைக்கொட்டிலில் வேலை செய்துகொண்டிருந்த மெக்கானிக்கிடம் மீற்றர் எதுவும் இருக்கவில்லை. ஒரு ஹெட்லைற் பல்பையும் இரு துண்டு வயர்களையும் எடுத்துக்கொண்டு காரின் கீழ் படுத்தார். மின்காந்தத்துக்குச் செல்லும் வயரைக் கழற்றி, இடையில் பல்பைத் தொடுத்தார். பல்பு பிரகாசமாக எரிந்தது. நெம்புகோலைக் கையால் முழுதாகத் தள்ளியபோதும் ஒளி குறையவில்லை.

"பாத்தீங்களா ஐயா, பெரிய சுருள் விடுதில்லை. சுருளில பிழையில்லை, நெம்புகோல்தான் வழுகியிருக்கு" என்றார்.

நெம்புகோலின் இறுக்காணியைத் தளர்த்தித் தண்டைக் கடைசிவரை தள்ளினார். பல்பு மங்கிற்று. நெம்புகோலிலுள்ள துளையும் பெட்டியிலுள்ள துளையும் நேராக நிற்க, அங்குலத்தில் 16இல் 3 பங்கு தடிப்புள்ள துளையூசியொன்றைச் செருகி, ஆணியை இறுக்கினார். அரை மணித்தியாலத்தில் பழுது தீர்ந்தது.

இவ்வித்தையை எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். "பற்றரி இல்லாத காலம் படிப்பிச்சது" என்பதே பதில்.

அக்காலத்தை வடபுலத்தார் மறந்திரார். 1990 ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டபின் அரசு விதித்த பொருளாதாரத் தடையில் பெற்றோலும் பற்றரியும் அடங்கின. துவிச்சக்கரவண்டியைக் கவிழ்த்துச் சில்லைச் சுழற்றி, டைனமோ மின்னில் வானொலி கேட்டோம். ஒஸ்டின்களும் மொறிஸ்களும் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. நோயாளரையும் பிரசவத் தாய்மாரையும் ஆஸ்பத்திரிக்குச் சுமந்தவையும் அவையே. ஒரு பற்றரி செத்தால் ஓர் ஊரின் வாகனமே நின்றுவிடும். ஆகவே பழுதைத் தேடுவது என்பது அங்கே பொருளை மாற்றிப் பார்ப்பதன்று. மாற்றுவதற்குப் பொருளே இருக்கவில்லை. மின் எங்கே போகிறது, எங்கே நிற்கவேண்டியது நிற்கவில்லை என்று படிப்படியாகச் சிந்திப்பதே ஒரே வழி.

2008 ஆகஸ்டில் வெள்ளாங்குளம் இராணுவத்தின் வசமாயிற்று. அப்பகுதி மக்கள் கிழக்கே பெயர்ந்து பெயர்ந்து, 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் முடிந்த பேரவலத்துள் அகப்பட்டனர். 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டபின் அவ்வழியே சென்றபோது, சந்தியில் இறங்கித் தேடினேன். கொட்டில் இருந்த இடத்தில் பற்றைகளே இருந்தன. அவரைப் பற்றிச் சொல்வார் எவருமில்லை.

நம் யுத்த வரலாற்றில் தளபதிகளின் பெயர்கள் பதிவாகியுள்ளன. ஒரு பல்பையும் இரு வயர்களையும் கொண்டு ஊரை இயங்கவைத்த அம்மனிதரின் பெயரை, செய்தியாளனாகிய நானே அன்று கேட்டெழுதாமல் வந்துவிட்டேன்.