ஊசி மருந்துக் குப்பியின் வரலாறு

ஊசியின் வாயிலாக மருந்தேற்றும் முறை 1853-ஆம் ஆண்டையொட்டி ஐரோப்பாவில் தோன்றியது. ஆனால், அம்மருந்தைக் கெடாமல் வைக்கும் வழி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் புலப்படவில்லை. புட்டியில் கரைத்து வைத்த மார்ஃபியாவில் பூசணம் பூத்தது; திறக்குந்தோறும் கிருமி புகுந்தது.

பாரிஸ் நகர மருந்தாளர் ஸ்தானிஸ்லாஸ் லிமூசின் 1886-இல் இதற்கு வழி கண்டார். ஒரு வேளைக்குரிய மருந்தை மட்டும் சிறு கண்ணாடிக் குப்பியில் நிரப்பி, அதன் மெல்லிய கழுத்தைத் தீச்சுடரில் உருக்கி மூடினார். மறு ஆண்டே அவர் மறைந்தார்.

குப்பியை மூடியும் பகை உள்ளேயே தங்கிற்று. மருந்துக்கு மேலே நிற்கும் சிறிதளவு காற்றிலுள்ள பிராணவாயுவே அது. அட்ரினலின் போன்ற மருந்துகள் அதனோடு கூடினால் இளஞ்சிவப்பாகிப் பின்னர்ப் பழுப்பாகும், வீரியமும் குன்றும். மூச்சுத் திணறிக் கிடப்பவனுக்கு அத்தகைய மருந்தால் என்ன பயன்? ஆகவே, நைட்ரஜன் வாயுவைச் செலுத்திக் காற்றை வெளியேற்றும் வழக்கம் வந்தது. இவ்வாயுவுக்கு லவாய்சியர் இட்ட பெயர் 'அசோத்'. உயிரற்றது என்பது பொருள். உயிர் காக்கும் மருந்துக்கு அதுவே காவலானது விந்தைதான்!

கையால் செய்துவந்த இவ்வேலையை இருபதாம் நூற்றாண்டில் பொறிகள் ஏற்றன. வரிசையாக நிற்கும் குப்பிகளுள் மெல்லிய குழல்கள் இறங்கி, முதலில் வாயுவையும், அடுத்து மருந்தையும், மீண்டும் வாயுவையும் செலுத்தும். பின்னர், சுடரில் சுழலும் கழுத்தை ஓர் இடுக்கி பற்றி இழுத்து மூடிவிடும். ஆயினும், பொறியை அப்படியே நம்பிவிடுவதில்லை. மூடிய குப்பிகளை நீலச்சாய நீரில் அமிழ்த்தி, அழுத்தத்தைக் குறைத்துப் பின் கூட்டுவதும் ஒரு சோதனை. கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தாலும், உள்ளிருக்கும் மருந்து நீலமாகிவிடும்.