வேட்டையும் குறிக்கண்ணாடியும்

அயல்நாட்டில் தொழில் புரியும் நம் இளைஞரொருவர், அந்நாட்டரசின் அநுமதி பெற்று ஆண்டுதோறும் மான்வேட்டைக்குச் செல்பவர். துப்பாக்கியின்மேற் பொருத்துந் தூரதரிசினிக் கண்ணாடிகளுள் எதனைக் கொள்ளலாமென நமக்கு எழுதி வினவினார். மிகப் பெருக்கிக் காட்டுவதே சிறந்ததென்பது அவர் கருத்து. வேட்டைத்தொழிலை நாமறியோம், எனினும் வரலாறு இதற்கு விடை தருமென்று நம்புகின்றோம்.

பண்டை நாளிற் கண்ணுங் கையுமே குறிக்கருவி. கொல்லிமலைக்குரிய வல்வில் ஓரியின் அம்பொன்று யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் ஊடுருவியதெனப் புறநானூற்றில் வன்பரணர் புகழ்வர். இது புலவர் புகழ்ச்சியேயாயினும் ஒன்று நோக்கத்தக்கது: புண்பட்டு ஓடி மறைந்த விலங்கு அதில் ஒன்றுமில்லை. வேட்டுவனுக்குப் பெருமை அதுவே.

பின்னர் வந்தது துப்பாக்கி. 1741-ஆம் ஆண்டு குளச்சற் போரில் டச்சுக்காரர் தோற்றனர். அவருட் சிறைப்பட்ட டிலனாய் என்பார், மார்த்தாண்டவர்மரின் படைத்தலைவராகி, தக்கலைக்கு அண்மையிலுள்ள உதயகிரிக் கோட்டையில் பீரங்கி வார்ப்பித்தார். 1777-இல் இறந்த அவர்தம் கல்லறையை இன்றும் அக்கோட்டையுட் காணலாம். அக்காலத்துத் திரித்துப்பாக்கிகள் பெரும்பாலும் குழலுட் புரியில்லாதன. நூறு கசத்தைக் கடந்தாற் குண்டு குறியில் நில்லாது. குண்டு செல்லாத தொலைவைக் கண்மட்டும் கண்டு பயனென்னை?

புரிவெட்டிய ரைபிள் பரவிய பின்னரே குறிக்கண்ணாடி பொருளுடையதாயிற்று. அமெரிக்காவிற் சாப்மன் என்னும் பொறியாளர் தாம் எழுதிய ரைபிள் நூலில் இதனை விளக்கினார். 1880-இல் ஆஸ்திரியாவின் பீட்லர் என்பவர் வேட்டைக்கேற்ற கண்ணாடி அமைத்தனர்.

இனித் தெரிவு யாது? முகப்புக்கண்ணாடியின் அகலத்தைப் பெருக்கத்தால் வகுத்தால், கண்ணையடையும் ஒளிக்கற்றையின் அகலங் கிடைக்கும். முகப்பு 32 மில்லிமீட்டராயின், நான்மடங்குப் பெருக்கத்தில் 8 மில்லிமீட்டர்; எண்மடங்கில் 4 மில்லிமீட்டரே. அந்தி மங்கலிற் கண்மணி ஏறத்தாழ 7 மில்லிமீட்டர்வரை விரியும். ஆதலின் மிளா முதலியன வெளிவரும் அந்திப்பொழுதில் மிகுபெருக்கம் இருளையே தரும். அஃதன்றிக் காணும் பரப்புங் குறுகும். கையின் நடுக்கமும் உடன் பெருகித் தோன்றும். அடர்காட்டிற்குக் குறைந்த பெருக்கமே தக்கது. தொலைவிலுள்ளது அண்மையிலுள்ளதெனத் தோன்ற, தன் திறனுக்கு மேற்பட்ட தூரத்திற் சுடத் துணிவதே பெருந்தீங்கு. புண்பட்டுப் புதரிற் கிடந்து பன்னாள் துன்புற்றுச் சாகும் உயிர்க்குப் பொறுப்பாளி கண்ணாடியன்று, சுட்டவனே.

நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்று வேட்டைக்கு இடமில்லை. அசம்பு மலைச்சரிவுகளில் வாழும் வரையாடு முன்னாள் வேட்டைக்காரர் தேடிய பொருள். அதனைக் காக்கத் தமிழ்நாட்டரசு 2022-இல் தனித்திட்டம் அறிவித்தது. கொல்லுதற்கு நோக்கிய மலைமுகட்டை, இன்று தொலைநோக்கி கொண்டு எண்ணுதற்கு நோக்குகின்றனர்.

ஆதலின் இளைஞர்க்கு நாம் உரைப்பது: நான்மடங்கே கொள்க, ஒளி குன்றியவிடத்தும், கை நடுங்கியவிடத்தும், தூரம் ஐயுற்றவிடத்தும் சுடாது மீள்க. வெறுங்கையொடு மீள்வது வேட்டுவனுக்கு இழுக்கன்று.