தொம்மலூரின் நான்கெல்லையும் கையடக்க ஜி.பி.எஸ். கருவியும்

ஜியோகேச்சிங் என்னும் விளையாட்டைக் குடும்பத்தோடு தொடங்க விரும்புவோர் முதலில் கேட்பது, எந்தக் கையடக்க ஜி.பி.எஸ். கருவியை வாங்குவது என்பதே. விளையாட்டின் விதி எளியது. ஒருவர் ஒரு சிறு பெட்டியை ஓரிடத்தில் ஒளித்துவைத்து, அவ்விடத்தின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் வெளியிடுகிறார். தேடிவருவோர் அதைக் கண்டெடுத்து, உள்ளிருக்கும் குறிப்பேட்டில் பெயரெழுதி, இருந்தவாறே திரும்ப வைக்கின்றனர். கருவி பற்றிய கேள்விக்கு விளம்பரங்கள் தரும் விடையும் எளியதே: எத்தனை மீட்டர் துல்லியம் என்று பாருங்கள். இவ்விடை பாதி உண்மை மட்டுமே. மறுபாதியைக் காண்பதற்குப் பெங்களூரின் தொம்மலூர் பொருத்தமான இடம். ஓர் இடத்தை எவ்வாறு குறித்துவைப்பது என்னும் சிக்கலுக்கு அங்கே எழுநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட எழுத்துச் சான்று உண்டு.

தொம்மலூர்ச் சொக்கநாதசுவாமி கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகள் அவ்வூரைத் தொம்பலூர் என்றும் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் குறிக்கின்றன. பெயர் சைவப் பெயர்போல ஒலித்தாலும் உறைபவர் சொக்கப்பெருமாளாகிய திருமால். 1270ஆம் ஆண்டுக்குரிய கல்வெட்டு, அழகியார் என்பவர் இரண்டு நிலைக்கால்களை அளித்த செய்தியைச் சொல்கிறது. 1290ஆம் ஆண்டுக்குரியது, போசள வீரராமநாதன் அவ்வூர் வருவாயிலிருந்து பத்துப் பொன் அளித்ததைப் பதிவு செய்கிறது. விசயநகர அரசன் இரண்டாம் தேவராயன் காலத்தில் ஊரைச் சூழ்ந்த நிலமும் வீடும் கிணறும் இறைவனுக்குரியனவாக்கப்பட்டன. தொம்பலூர் என்பதிலுள்ள 'ம்ப', 'ம்ம' என ஓரினமாகித் தொம்மலூர் ஆயிற்று. இன்றைய கன்னட, ஆங்கில வழக்கில் அது மேலும் சுருங்கி டோம்லூர் ஆகியிருக்கிறது.

இடைக்காலத் தமிழ்க் கொடை ஆவணங்கள் ஒரு நிலத்தை எண்களால் மட்டும் குறிப்பதில்லை. கீழ்பாற்கெல்லை, தென்பாற்கெல்லை, மேல்பாற்கெல்லை, வடபாற்கெல்லை எனத் திசைக்கொரு பொருளைச் சுட்டி இடத்தை வரையறுக்கின்றன. ஏரிக்கரை, வாய்க்கால், அயலார் வயல், வழி, புற்று, மரம் ஆகியவை அச்சுட்டலுக்குத் துணை. இதன் மிக விரிந்த வடிவத்தைச் சோழர் செப்பேடுகளில் காணலாம். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு முதலாம் இராசராசன் அளித்த ஆனைமங்கலக் கொடையைக் கூறும் பெரிய லெய்டன் செப்பேட்டில், பெண்யானையை எல்லை நெடுக நடத்தி, கல்லும் கள்ளியும் நாட்டிய முறை சொல்லப்படுகிறது. யானை நடந்த தடமே எல்லைக்கோடு. ஊரார் அதைக் கண்ட சாட்சிகள். இன்றைய கருவியில் 'டிராக்' எனப்படும் நடைத்தடப் பதிவு செய்வதும் ஏறத்தாழ அதே பணிதான்.

இம்முறைக்கு ஒரு வலிமையும் ஒரு குறையும் உண்டு. ஊரறிந்த பொருள்கள் நிற்கும்வரை அளவுகருவி ஏதுமின்றி எவரும் இடத்தைக் கண்டுகொள்ளலாம். அப்பொருள்கள் மறைந்தால் எல்லையும் மறைந்துவிடும். கள்ளி பட்டுப்போகும், ஏரி தூர்ந்து மனைப்பிரிவாகும். பி. லூயிஸ் ரைஸ் 1905இல் வெளியிட்ட 'எபிகிராபியா கர்னாடிகா' ஒன்பதாம் தொகுதி பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுகளைத் திரட்டித் தந்தது. அத்தொகுதியிலும் இடக்குறிப்பு இன்ன ஊர், இன்ன கோயில், இன்னாருடைய நிலம் என்ற அளவிலேயே அமைந்தது. அன்று அது போதும். வயல்கள் தெருக்களான பிறகு அக்குறிப்புகளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கல்லைத் தேடுவது கடினம். ரைஸ் கண்ட கற்களுள் பல, சாலை அகலப்படுத்தும்போதும் கட்டடம் எழும்பும்போதும் அழிந்தோ இடம்பெயர்ந்தோ போயின. கோயிற் சுவரில் இருந்தமையால் தொம்மலூர் எழுத்துகளுக்கு முகவரி தொலையவில்லை. வயலில் தனித்து நின்ற வீரக்கற்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

எண்வழி இடங்குறித்தலின் வரலாறும் பெங்களூரைத் தொட்டே செல்கிறது. 1800இன் இறுதியில் வில்லியம் லாம்டன் இந்நகரருகே ஓர் அடிக்கோட்டை அளந்தார். 1802இல் சென்னைப் புனித தோமையார் மலையருகே அளந்த அடிக்கோட்டிலிருந்து பெரும் முக்கோண அளவைப் பணி தொடங்கியது. லாம்டனுக்குப் பின்வந்த ஜார்ஜ் எவரெஸ்ட் 1830இல் கணித்த புவியுருவமே இந்திய வரைபடங்களுக்கு நெடுங்காலம் அடிப்படையாக இருந்தது. ஜி.பி.எஸ். பயன்படுத்துவதோ டபிள்யூ.ஜி.எஸ். 84 என்னும் வேறோர் அடிப்படை. ஒரே அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இவ்விரு அடிப்படைகளிலும் வைத்துப் பார்த்தால் பெங்களூர்ப் பகுதியில் நூறு மீட்டருக்கும் மேற்பட்ட விலகல் வரும். 2005ஆம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கைதான் பொதுமக்களுக்கான வரைபட வரிசையை டபிள்யூ.ஜி.எஸ். 84இல் அமைக்க வழிசெய்தது. ஆகவே பழைய வரைபடத்திலிருந்து எண்ணை எடுப்பவர், கருவியில் 'டேட்டம்' என்னும் அமைப்பு எதில் நிற்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

கையடக்கக் கருவியின் வரலாறு குறுகியது. 1989இல் மெகல்லன் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த நாவ் 1000 ஏறத்தாழ 3,000 டாலர் விலையுடையது. ஆயினும் அக்காலக் கருவிகள் காட்டிய இடம் நூறு மீட்டர் வரை பிழைபட்டது. அதற்குக் காரணம் கருவியன்று. பொதுப் பயன்பாட்டுக்கான சமிக்ஞையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே கலந்த பிழை. 2000 மே 1 அன்று அதிபர் கிளின்டன் அறிவித்தபடி அந்தக் கலப்பு நள்ளிரவில் நிறுத்தப்பட்டது. ஒரே இரவில், பழைய கருவிகளே ஏறத்தாழ பத்து மடங்கு நம்பகமாயின. மே 3 அன்று அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் அருகே டேவ் உல்மர் ஒரு வாளியில் சில பொருள்களை இட்டு ஒளித்துவைத்து, அதன் இடத்தை எண்களாக அறிவித்தார். ஜியோகேச்சிங் பிறந்தது அவ்வாறுதான். துல்லியத்தின் பெரும்பகுதி பெட்டிக்குள் இல்லை, வானத்தில் இருக்கிறது என்பது இந்நிகழ்ச்சி தரும் முதற்பாடம்.

எனவே வாங்குவோர் பார்க்க வேண்டியது, கருவி எந்தெந்த வானத்துக் குரல்களைக் கேட்கும் என்பதை. ஜி.பி.எஸ்.ஸோடு குளோனாஸ், கலிலியோ முதலிய தொகுதிகளையும் ஏற்கும் கருவி, கட்டடங்களுக்கிடையே வானம் குறுகித் தெரியும் தெருவிலும் போதிய செயற்கைக்கோள்களைக் காணும். இந்தியாவின் நாவிக் தொகுதியில் முதற் செயற்கைக்கோள் 2013 சூலை 1 அன்றும் ஏழாவது 2016 ஏப்ரல் 28 அன்றும் ஏவப்பட்டன. அதன் பொதுச் சமிக்ஞை தொடக்கத்தில் எல்5, எஸ் அலைவரிசைகளில் மட்டுமே இருந்தமையால், எல்1 மட்டும் கேட்கும் பழைய கருவிகளுக்கு அது எட்டவில்லை. 2023 மே மாதம் ஏவப்பட்ட என்.வி.எஸ்.-01 தான் எல்1 சமிக்ஞையையும் சேர்த்தது. இஸ்ரோவும் இந்திய விமானநிலைய ஆணையமும் அமைத்த ககன், ஜி.பி.எஸ். பிழைகளைத் திருத்தும் செய்தியை வானிலிருந்து அனுப்புகிறது. பல கருவிகளின் பட்டியலில் ககன் என்ற பெயர் இராது. அமெரிக்க அமைப்பின் பெயரான 'வாஸ்' என்னும் தெரிவுக்குள் அது அடங்கியிருக்கும்.

ககன் இங்குப் பொருள்படுவதற்கு நிலவியல் காரணம் உண்டு. தென்னிந்தியா காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், மேல்வளிமண்டல அயனிப் படலம் சமிக்ஞையை மிகுதியாகத் தாமதப்படுத்துகிறது. நண்பகலுக்குப் பின் தாமதம் உச்சமடையும். சில பருவங்களில் மாலை மங்கியபின் சமிக்ஞை தடுமாறும். குழந்தைகளோடு தேடுவதற்குக் காலை நேரம் வெயிலுக்காக மட்டுமன்றி இதற்காகவும் ஏற்றது. பழைய விமானநிலையச் சாலையை ஒட்டிய கண்ணாடிக் கட்டடங்கள் வேறு வகைத் தொல்லை: சமிக்ஞை அவற்றில் பட்டுத் தெறித்து, நீண்ட வழியில் வந்து சேரும். கருவி அதை நம்பித் தவறான இடத்தைக் காட்டும். எல்1, எல்5 இரண்டையும் கேட்கும் கருவி இரு தொல்லைகளையும் குறைக்கும்; விலையும் அதற்கேற்பக் கூடும்.

எண்ணை எழுதும் முறையிலும் கவனம் வேண்டும். ஜியோகேச்சிங்கில் வழக்கமானது பாகையும், மூன்று தசம இடங்கள் கொண்ட கலையும். கடைசி இலக்கம் ஒன்று மாறினால் நிலத்தில் ஏறத்தாழ 1.8 மீட்டர் நகரும். 57.30 கலை என்பதை 57 கலை 30 விகலை என்று படித்துவிட்டால் பிழை 370 மீட்டர். தொம்மலூரில் அது பல தெருக்களைத் தாண்டிய தொலைவு. எத்தனை ஆயிரம் ரூபாய்க் கருவியும் இப்பிழையைத் திருத்தித் தராது.

குடும்பத்துக்கென வேறு சில தேவைகளும் உள. மலிவான கருவிகள் பலவற்றில் திசைகாட்டி நடக்கும்போது மட்டுமே சரியாகச் சுட்டும். நின்ற இடத்திலேயே சுழன்று பார்க்கும் குழந்தைக்கு அது குழப்பம் தரும். மின்னணுத் திசைகாட்டி உள்ள கருவிக்குச் சற்றுக் கூடுதலாகச் செலவிடுவது தகும். கடையில் கிடைக்கும் ஏஏ மின்கலங்களால் இயங்குவதும், கீழே விழுந்தாலும் மழையில் நனைந்தாலும் தாங்குவதும் முக்கியம். 2011இல் வந்த கார்மின் ஈட்ரெக்ஸ் 10 போன்ற சிறு கருவிகளே, பெட்டியின் விவரங்களையும் குறிப்புகளையும் தமக்குள் ஏற்றிக்கொள்ளும் வசதி பெற்றிருந்தன. பதிவுகளை ஜி.பி.எக்ஸ். கோப்பாக வெளியே எடுக்க இயல வேண்டும். ஓரிடத்தில் சில நிமிடம் வைத்துச் சராசரி காணும் வசதி இருந்தால் நன்று. செயற்கைக்கோள்வழிச் செய்தி அனுப்பும் வசதி கொண்ட கருவிகளை மட்டும் தவிர்க்க வேண்டும். இரிடியம், துரையா வகைத் தொடர்புக் கருவிகளை உரிமமின்றி வைத்திருப்பது இந்தியாவில் குற்றம். வெளிநாட்டிலிருந்து இத்தகைய கருவியோடு வந்தோர் விமானநிலையங்களில் தடுத்துவைக்கப்பட்டதுண்டு.

இவ்வளவும் சரியாக அமைந்தாலும் கருவி கொண்டுசேர்ப்பது சில மீட்டர் அருகில் மட்டுமே. எஞ்சிய தொலைவைக் கடத்துவது சொல். பெட்டியை ஒளிப்பவர் எண்ணோடு ஒரு குறிப்பையும் எழுதுகிறார்: வேருக்கும் கல்லுக்கும் இடையே, மூன்றாம் படியின் கீழ். கல்வெட்டு ஆவணங்களின் நான்கெல்லை மரபு இச்சிறு தொலைவுக்குரிய மொழியே. நான்கெல்லையிடம் இல்லாதது எண். எண்ணிடம் இல்லாதது நான்கெல்லை. நிலத்தில் அடையாளங்கள் மாறும்போது எண் உதவும். சமிக்ஞை பிழைபடும்போதும், கல்லே சில அடி நகர்த்தப்படும்போதும் சொல் உதவும்.

பெங்களூரில் இது விளையாட்டோடு முடியும் செய்தியன்று. நகரின் கல்வெட்டுகளைத் தேடி இடங்குறிக்கும் பணியில் ஆர்வலர்கள் ஈடுபட்டுள்ளனர். 1909இல் தோன்றிய மித்திக் சொசைட்டி அவற்றை முப்பரிமாண வருடல்களாகப் பதிவு செய்துவருகிறது. ஏறத்தாழ கி.பி. 750ஐச் சேர்ந்ததாகக் கணிக்கப்படும் ஹெப்பாளக் கிட்டய்யன் வீரக்கல் 2018இல்தான் கவனத்துக்கு வந்தது. பெட்டி தேடப் பழகிய குடும்பத்துக்கு இப்பணிக்கு வேண்டிய திறன்கள் எல்லாம் ஏற்கெனவே கைவந்திருக்கும். கோயிலிலோ கல்வெட்டருகிலோ பெட்டி வைப்பது முறையன்று, வேண்டியதும் இல்லை. இடத்தைக் கண்டு, அங்குள்ளதைப் பார்த்து ஒரு வினாவுக்கு விடை சொல்லும் 'மெய்நிகர்' வகைத் தேடல் போதும். டபிள்யூ.ஜி.எஸ். 84இல் சராசரி கண்ட எண், பதிவு செய்த நாள், கல்லின் நான்கு பக்கமும் இருப்பவை பற்றிய நான்கு வரி, ஒரு நிழற்படம் ஆகியவை சேர்ந்தால் அது முழுமையான இடப்பதிவு. இந்நான்கையும் சிரமமின்றிச் செய்யவும், பின்னர் பிறரோடு பகிரவும் உதவுவதே முதற்கருவியாக வாங்கத் தக்கது. மீட்டர்க் கணக்கு அதற்கு அடுத்தபடி.