பூனைக்குட்டி உடம்பில் தெள்ளுப்பூச்சியா? நாய் மருந்தைத் தொடாதீங்க!

தெருவில் இருந்து மீட்ட பூனைக்குட்டியின் உடலில் தெள்ளுப்பூச்சி மொய்ப்பது சகஜம். பெரிய பூனைக்கு அது பெரும்பாலும் அரிப்போடு போய்விடும். கைக்குள் அடங்கும் குட்டிக்கோ ரத்தசோகை வந்து உயிரே போகலாம். ஈறு வெளுத்திருந்தால் உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிட்டுப் போகணும்.

'நாய்க்கு வாங்கினது வீட்டில் இருக்கே' என்று தடவுவதுதான் பெரிய ஆபத்து. அதில் பெர்மெத்ரின் இருந்தால், பூனையின் கல்லீரலால் அதைச் சரியாக உடைத்து வெளியேற்ற முடியாது. நடுக்கம், வலிப்பு வரலாம். பூனைகளுக்கான ஃபிப்ரோனில் சொட்டு மருந்துகூட பொதுவாக 8 வாரம் ஆன பிறகுதான்.

அதுவரை கைகொடுப்பது நம்ம வீட்டு பேன் சீப்புதான். வாரி எடுத்த பூச்சியைச் சோப்புத் தண்ணீரில் போட்டால் செத்துவிடும். குளிப்பாட்டினால் வெதுவெதுப்பான தண்ணீர், கழுத்துக்குக் கீழே மட்டும்; உடனே துவட்டி கதகதப்பாக வைக்கணும். குட்டி படுக்கும் துணியைத் தினமும் வெந்நீரில் அலசணும், இல்லைன்னா பூச்சி திரும்ப ஏறிடும்.