பீகிள் கால்வாய்ச் சமரசம் (1979–1984)

தென் அமெரிக்காவின் தென்முனையில் உள்ள பிக்டன், லெனாக்ஸ், நுவேவா என்னும் மூன்று சிறு தீவுகளுக்காக அர்ஜென்டினாவும் சிலியும் போரின் விளிம்புவரை சென்ற தகராறு, வத்திக்கானின் சமரசத்தால் தீர்ந்தது. மோதிக்கொண்ட இரண்டுமே கத்தோலிக்கர் பெரும்பான்மையாக வாழும் நாடுகள்.

1881 எல்லை உடன்படிக்கைக்கு இரு தரப்பும் வேறுவேறு பொருள் கொண்டதே சிக்கலின் வேர். தீவுகளைவிட அவற்றைச் சுற்றிய கடல்தான் பெரிய சொத்து. பிரிட்டிஷ் அரசியின் பெயரில் அமைந்த நடுவர் மன்றம் 1977-இல் தீவுகளைச் சிலிக்கு வழங்கியது. அத்தீர்ப்பு செல்லாது என்று அர்ஜென்டினா 1978 ஜனவரியில் அறிவித்தது. அப்போது இரு நாடுகளிலும் ராணுவ ஆட்சி. மொத்தமே 33 நாள் திருத்தந்தையாக இருந்த முதலாம் ஜான் பால், அந்தச் சில நாள்களுக்குள் இரு நாட்டு ஆயர்களுக்கும் அமைதி வேண்டி மடல் எழுதினார். டிசம்பர் 22-ஐ ஒட்டித் தீவுகளைக் கைப்பற்றக் கிளம்பிய அர்ஜென்டினப் படை புயலில் சிக்கித் தாமதித்தது. அடுத்த திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் தூதர் அனுப்ப முன்வந்ததும் தாக்குதல் கடைசி நேரத்தில் நிறுத்தப்பட்டது.

தூதராக வந்தவர் 73 வயதுக் கர்தினால் அந்தோனியோ சமொரே. டிசம்பர் 26-இல் புவெனஸ் ஐரிஸில் இறங்கி, இரு தலைநகரங்களுக்கும் மாறி மாறிப் பறந்தார். 1979 ஜனவரி 8-இல் மொண்டெவிடியோவில் இரு அரசுகளும் திருத்தந்தையைச் சமரசம் செய்யக் கேட்டுக் கையெழுத்திட்டன. படைபலத்தைக் கையில் எடுப்பதில்லை என்றும் உறுதி கொடுத்தன.

நடுவர் தீர்ப்புச் சொல்வார். சமரசம் செய்பவர் யோசனைதான் சொல்ல முடியும். கத்தோலிக்கர் பெரும்பான்மை நாடுகளாயினும் திருத்தந்தை அவற்றுக்கு ஆணையிடவில்லை. 1980 டிசம்பரில் அவர் தந்த யோசனையைச் சிலி ஏற்றது, அர்ஜென்டினா இழுத்தடித்தது. பேச்சு முடங்கிக் கிடந்தாலும் வத்திக்கான் அதைக் கைவிடவில்லை. சமரசத்தின் உண்மையான பலம் இந்தக் காத்திருப்புதான் என்று சொல்ல வேண்டும். சமொரே 1983-இல் இறந்தார். ஆண்டீஸில் இரு நாடுகளுக்கிடையிலான ஒரு கணவாய்க்கு இன்று அவர் பெயர். ஃபாக்லாந்துப் போரில் தோற்ற அர்ஜென்டினாவில் 1983-இல் மக்களாட்சி திரும்பியது. சிலியுடன் எட்டிய உடன்பாட்டின் மீது அதிபர் அல்ஃபோன்சின் 1984 நவம்பர் 25-இல் வாக்கெடுப்பு நடத்தினார். சுமார் 82 விழுக்காட்டினர் அதை ஆதரித்தனர்.

நான்கு நாள் கழித்து வத்திக்கானில் கையெழுத்தான உடன்படிக்கை, எல்லாம் வல்ல கடவுளின் பெயரால் தொடங்குகிறது. தீவுகள் 1977 தீர்ப்பின்படியே சிலிக்குத்தான். கடலின் பெரும்பகுதி அர்ஜென்டினாவுக்கு. பழைய தீர்ப்பால் ஆகாதது இந்தக் கடல் பங்கீட்டால் ஆனது. இனித் தகராறு வந்தால் முதலில் நேர்ப்பேச்சு, அடுத்து இணக்கக் குழு, கடைசியில் நடுவர் மன்றம் என்றும் வகுத்தார்கள். குற்றம் செய்தவரிடம் முதலில் தனியே பேசு, பிறகு ஓரிருவரை அழைத்துப் போ, அதற்கும் மசியாவிட்டால் திருச்சபையிடம் சொல் என்னும் மத்தேயு நற்செய்தியின் (18:15-17) வரிசைக்கு இது மிக நெருக்கம். ஒரு வேறுபாடு உண்டு: நற்செய்தியில் கடைசிச் சொல் திருச்சபையுடையது, இங்கே சட்ட வல்லுநர்களுடையது.

உடன்படிக்கை 1985 மே 2-இல் நடைமுறைக்கு வந்தது. லகூனா தெல் தெசியர்தோ எல்லை வழக்கில் இதன்கீழ் அமைந்த நடுவர் மன்றம் 1994-இல் அர்ஜென்டினாவுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. சிலி மறுஆய்வு கோரியது. 1995-இல் அது தள்ளுபடியானதும் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டது.