வாயால் பெயரெடுத்த தவளை

"தவளை தன் வாயால் கெடும்" என்று நம் பாட்டிமார் சொல்வதுண்டு. மழை இரவில் பேசாமல் கிடந்தால் பாம்புக்குத் தெரியவா போகிறது? கத்திக் கத்தியே இரையாகிறது என்பது கருத்து. ஆனால் கத்தியதனாலேயே பெயரெடுத்த தவளை ஒன்றும் உண்டு. அந்தக் கதை நடந்தது ஏதோ அடர்ந்த காட்டில் அல்ல; நியூயார்க் மாநகரத்தின் எல்லைக்குள்ளே!

அமெரிக்காவில் சிறுத்தைத் தவளை என்று ஒரு வகை உண்டு. பச்சையோ பழுப்போ ஆன முதுகில் வட்ட வட்டமாய்க் கரும்புள்ளிகள். 1782-ல் ஷ்ரேபர் என்ற ஜெர்மானிய அறிஞர் அதற்கு லத்தீனில் 'பிப்பியன்ஸ்' என்று பெயர் சூட்டினார். கீச்சிடுவது என்று அர்த்தம். பாவம், அது கீச்சிடுவதே இல்லை, குறட்டைதான் விடுகிறது! உடலைப் பார்த்துப் பெயர் வைப்பவருக்குக் குரல் எப்படித் தெரியும்?

நியூயார்க்கைச் சேர்ந்த ஸ்டேட்டன் தீவின் மிருகக்காட்சி சாலையில் கார்ல் காஃபெல்ட் என்பவர் பணியாற்றினார். அந்த வட்டாரத்தில் இருப்பவை வடக்குச் சிறுத்தைத் தவளை, தெற்குச் சிறுத்தைத் தவளை என்ற இரண்டு மட்டுமல்ல, மூன்றாவதாக ஒன்றும் உண்டு என்று 1930-களில் எழுதினார். அறிஞர் உலகம் அதை ஏற்கவில்லை. புள்ளிகள் கொஞ்சம் முன்னே பின்னே இருப்பது தவளைக்குச் சகஜம்தானே? காஃபெல்ட் 1974-ல் காலமானார். அவருடைய மூன்றாவது தவளையையும் உலகம் மறந்தது.

தவளை மறக்கவில்லை. ஆண்டுதோறும், குளிர் விடுகிற நாட்களில், தன் குளத்திலிருந்து கத்திக்கொண்டுதான் இருந்தது.

2008-ஆம் ஆண்டு வாக்கில் ஜெரமி ஃபைன்பர்க் என்ற ஆராய்ச்சி மாணவர் ஸ்டேட்டன் தீவின் சதுப்பு நிலத்தில் நின்று அந்தக் குரலைக் கேட்டார். பக்கத்திலுள்ள லாங் தீவில் சிறுத்தைத் தவளைகள் மறைந்து போன காரணத்தைத் தேடிக்கொண்டிருந்தவர் அவர். வடக்குத் தவளை நீளமாய்க் குறட்டை விடும். தெற்குத் தவளை அடுக்கடுக்காய்க் கொக்கரிக்கும். இதுவோ இருமல் போல 'சக்' என்று ஒற்றை ஒலியோடு நிறுத்திக்கொண்டது!

இது சின்ன வித்தியாசம் என்று நினைக்க வேண்டாம். ஆண் தவளை கத்துவது பெண்ணை அழைக்க. இருட்டில் பெண் தவளை புள்ளியையா எண்ணிப் பார்க்கும்? குரலைக் கேட்டுத்தான் தன் இனத்தானை நாடி வரும். ஆகவே குரல் வேறானால் குடும்பமும் வேறு என்று சந்தேகிக்க நியாயம் இருக்கிறது.

காது சொன்ன பிறகு கண்ணுக்கும் தெரிந்தது. தெற்குத் தவளையின் தொடைப் பின்புறத்தைவிட இதனுடையது கறுத்திருந்தது. அந்தக் கறுப்பில் வெளிர்ப் பொட்டுகள். 2012-ல் மரபணுச் சோதனையும் இது தனி இனமே என்றது. 2014-ல் பெயர் சூட்டினார்கள்: 'ரானா காஃபெல்டி'. முக்கால் நூற்றாண்டுக்கு முன் சரியாகச் சொன்ன மனிதருக்கு, அவர் போய் 40 ஆண்டுகள் கழித்து நியாயம் கிடைத்தது.

ஆனாலும் மனம் முழுக்க மகிழவில்லை. லாங் தீவில் ஒரு காலத்தில் இந்தத் தவளையும் வாழ்ந்தது. தனக்கொரு பெயர் வருமுன்பே அங்கிருந்து அற்றுப் போய்விட்டது. பெயரில்லாத ஒன்றைக் காப்பாற்ற எந்தச் சட்டம் வரும்?

அடுத்த மழை இரவில் உங்கள் வீட்டுப் பின்புறத்தில் தவளைகள் கத்தினால், சனியன்கள் தூங்க விடவில்லையே என்று ஜன்னலைச் சாத்திவிடாதீர்கள். எத்தனை விதமான குரல்கள் என்று கொஞ்சம் எண்ணிப் பாருங்கள்.